நகைச் சீட்டா, ஃபண்டா? காரைக்குடியிலிருந்து ஒரு கணக்கு

2019இல் நகைச் சீட்டை, அதாவது நகைக்கடையில் மாதாமாதம் கட்டி முடிவில் நகை எடுக்கும் திட்டத்தை, நிறுத்திவிட்டு, அதே தொகையை என் பெயரிலேயே பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடத் தொடங்கினேன். இப்போது மகள் வேலைக்குப் போகிறாள். முதல் சம்பளத்தோடு அதே கேள்வி வீட்டுக்குள் வந்திருக்கிறது. நான் ஃபண்டின் பக்கம்.

சிறுகச் சிறுகச் சேர்க்கும் பழக்கத்தை இரண்டுமே தரும். நகைச் சீட்டுக்கு வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடு கிடையாது. ஃபண்டுக்கு ஏற்ற இறக்கம் உண்டு. இவை எல்லோரும் அறிந்தவை.

என்னை மாற்றியது சேதாரம், நகை செய்யும்போது வீணாகும் தங்கம் என்று கடை நம்மிடம் வாங்கும் தொகை. ஐந்து பவுன் சங்கிலி, அதாவது 40 கிராம். சீட்டின் தள்ளுபடி போகவும் 12 சதவீதச் சேதாரம், அது 4.8 கிராம். அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. ஆக, 46 கிராமுக்கு மேலான விலையைக் கொடுத்து 40 கிராம் வாங்கினேன். அவசரத்துக்கு விற்கப் போனபோது கடைக்காரர் 40 கிராமுக்குத்தான் விலை போட்டார், அதிலும் அழுக்கு என்று கொஞ்சம் கழித்தார். தங்கம் 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். இன்னொன்று: எனக்குத் தேவைப்பட்டது முப்பதாயிரம், விற்க வேண்டியிருந்ததோ முழுச் சங்கிலி. ஃபண்டில் முப்பதாயிரத்துக்கு உரிய யூனிட்டுகளை மட்டும் அன்றைய மதிப்பில் விற்கலாம்.

துண்டு துண்டாக விற்க முடிவது பெண்களுக்கு ஏன் முக்கியம் என்பது சாலி கிராச்செக்கைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது. சிட்டி குழுமம் என்ற அமெரிக்க வங்கி நிறுவனத்தில் தலைமை நிதி அதிகாரியாக இருந்தவர். 2014இல் பெண்களுக்கென்றே எல்வெஸ்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தை அமெரிக்காவில் தொடங்கினார். பெண்கள் அதிக ஆண்டுகள் வாழ்கிறார்கள், அவர்களின் சம்பள உயர்வு ஆண்களுடையதைப் போல இருப்பதில்லை என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்தார். 2025இல் எல்வெஸ்ட், கணினியே முதலீட்டைக் கவனிக்கும் தன் தானியங்கி முதலீட்டுக் கணக்குகளைப் பெட்டர்மென்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது. ஆகவே பெண்களுக்கென்று தனி நிறுவனம் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை; அவர் போட்ட கணக்கு போதும். எண்பத்தைந்து வயதிலும் மாதாமாதம் பணம் வேண்டும். சங்கிலியில் மாதத்துக்கு ஒரு கண்ணியை வெட்டி விற்க முடியுமா?

இது செட்டிநாட்டுக்குப் புதிதும் அல்ல. கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, ஆண்கள் போன ஊர்களின் வட்டிக்கடைகளில் ஆச்சிமார், அதாவது வீட்டுப் பெண்கள், பணமும் முதலாக நின்றது. பெட்டகத்தில் தூங்காமல் உழைத்த பணம் அது.

2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது மூன்று இரவுகள் தூங்கவில்லை. சில மாதங்களில் மீண்டது. பத்தாண்டுகள் தேங்கிக் கிடக்கும் சந்தையை நான் பார்த்ததில்லை. அண்மையில் தங்கம் ஏறிய வேகத்தில், சீட்டையே தொடர்ந்த என் நாத்தனாருக்கு நல்ல லாபம்தான். கழுத்துருவை, எங்கள் திருமணத் தாலியை, நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது விற்பதற்கு அல்ல.

மகள் ஃபண்டில் முதல் தவணையைக் கட்டிவிட்டாள். நாமினி பெயரை இன்னும் நிரப்பவில்லை. இந்த வாரமே முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.