செராம்பூரா, சந்தன்நகரா?

கொல்கத்தாவில் ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தால் ஹூக்ளி ஆற்றங்கரையின் பழைய ஐரோப்பியக் குடியிருப்புகளில் எதைப் பார்ப்பது என்று பலரும் கேட்கிறார்கள். பண்டேல், சின்சுரா என்று வரிசை நீளம். போட்டி செராம்பூருக்கும் சந்தன்நகருக்கும்தான்.

பயணம்: இரண்டுமே ஹவுரா–பண்டேல் மின்ரயில் பாதையில். செராம்பூர் சுமார் 20 கி.மீ., சந்தன்நகர் இன்னும் சற்று மேலே. டிக்கெட் செலவு பெரிதல்ல.

வரலாறு: செராம்பூர் 1755 முதல் டேனிஷ்காரர்களிடம் இருந்தது. 1845இல் நம் தரங்கம்பாடியோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி குழுவினர் 1800இல் அச்சகமும் 1818இல் கல்லூரியும் தொடங்கியது இங்கேதான். சந்தன்நகர் பிரெஞ்சு ஊர். பிளாசிப் போருக்குச் சில மாதங்கள் முன்பு, 1757இல், ஆங்கிலேயத் தளபதிகள் கிளைவும் வாட்சனும் அதன் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார்கள். எனவே கோட்டையைத் தேடாதீர்கள். 1949 வாக்கெடுப்பில் மக்கள் இந்தியாவைத் தேர்ந்தார்கள்.

பார்க்க: செராம்பூரில் புனித ஓலாவ் தேவாலயம், கல்லூரி, புதுப்பித்த பழைய விடுதியான டென்மார்க் டாவர்ன். சந்தன்நகரில் ஆற்றோர நடைபாதையான ஸ்ட்ராண்ட், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் மாளிகை அருங்காட்சியகம்.

நடக்க: ஸ்ட்ராண்டின் நிழலுக்கு செராம்பூரில் ஈடில்லை. செராம்பூரின் கடைத்தெரு நெரிசல் பொறுமையைச் சோதிக்கும்.

அச்சு வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களும் தரங்கம்பாடியைப் பார்த்தவர்களும் செராம்பூருக்கே போகலாம். படகில் எதிர்க்கரை பாரக்பூரையும் எட்டலாம். குழந்தைகள், பெரியவர்களோடு மாலைப் பொழுதைக் கழிக்கச் சந்தன்நகர். ஜகத்தாத்ரி தேவிக்கான பூஜைக் காலத்தில் அங்கே விளக்கலங்காரம் பிரமாதம், கூட்டமும் அப்படியே.