எல்லா ஃபோல்டரும் வந்திருந்தன, உள்ளே 50 மெயில்தான்

புதுக் கம்ப்யூட்டருக்கு மெயில், தொடர்பு எண்கள், காலண்டர் எல்லாவற்றையும் மாற்றித் தர ஆள் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டரை அந்த ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதமாவது அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நான் கொடுத்துவிட்டேன். 12 வருட மெயிலில் கடைசி இரண்டரை வருடம் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அதற்கு முந்தையதை மீட்கவே எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். ஒப்பந்தம், திருத்தம், கூலி பேசியது, கெடு தள்ளிப்போட்டது எல்லாமே என் தொழிலில் மெயிலில்தான் நடக்கும். இத்தனை வருடமும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் அவுட்லுக் என்ற மெயில் நிரலை வைத்திருந்தேன். கணக்கு பாப் முறையில் இருந்தது. அதாவது வருகிற மெயிலைச் சர்வரிலிருந்து இறக்கி என் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளும். சர்வரில் 14 நாள் மட்டும் பிரதி இருக்கும், பிறகு அழிந்துவிடும். ஆக 12 வருட மெயிலும் என் கம்ப்யூட்டருக்குள், அவுட்லுக் சேர்த்துவைக்கும் பிஎஸ்டி என்ற ஒரே ஒரு கோப்பில் இருந்தது. வேறெங்கும் இல்லை. இது அப்போது எனக்குத் தெரியாது. மெயில் என்றால் எங்கோ இணையத்தில் இருக்கிறது, எந்த இயந்திரத்திலிருந்தும் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கண்ணுக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று மேக் வாங்கினேன். மாற்றித் தருவதற்கென்று ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு அதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. மாலை ஐந்து மணிக்கு வந்தவர் எட்டு மணிக்கெல்லாம் முடித்துவிட்டார்.

"சார், ஃபோல்டர் எல்லாம் வந்திருச்சு, ஒரு தடவை பாத்துக்கங்க."

பார்த்தேன். இடது பக்கம் என் ஃபோல்டர்கள் அத்தனையும் அதே பெயரில், அதே வரிசையில் இருந்தன. இன்பாக்ஸில் அன்று காலை வந்த மெயில்கூட இருந்தது. ஒன்றிரண்டைத் திறந்து பார்த்தேன், திறந்தது. "சரிங்க தம்பி, ரொம்ப நன்றி" என்று சொல்லி, பழைய கம்ப்யூட்டரை நானே கீழே தூக்கிக்கொண்டு போய் அவர் வண்டியில் வைத்தேன்.

பதினோராவது நாள் ஒரு பதிப்பகத்திலிருந்து போன். 2019-இல் பேசிய ஒப்பந்தத்தில் மறுபதிப்பு பற்றி என்ன எழுதினோம் என்று கேட்டார்கள். தேடினேன், கிடைக்கவில்லை. அந்தப் பதிப்பகத்தின் ஃபோல்டரைத் திறந்து மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தேன். சீக்கிரமே முடிந்துவிட்டது. எண்ணிக்கை 50 என்று காட்டியது. பக்கத்து ஃபோல்டரைத் திறந்தேன், அதிலும் 50. அடுத்ததிலும் 50. வரி சம்பந்தப்பட்டது 50, வீட்டு விஷயம் 50, அனுப்பியவை என்கிற சென்ட் ஃபோல்டரும் 50. 12 வருடத்தில் நான் அனுப்பியது மொத்தமே 50 மெயிலா? ஐம்பதுக்குக் குறைவாக இருந்த சின்ன ஃபோல்டர்கள் மட்டும் முழுதாக இருந்தன. உட்கார்ந்த இடத்தில் கை நடுங்கிவிட்டது.

நடந்தது இதுதான். மேக்கில் உள்ள மெயில் நிரல் பிஎஸ்டி கோப்பை நேரடியாகத் திறக்காது. அதை எம்பாக்ஸ் என்ற வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். அப்படி மாற்றித் தருவதற்கென்றே நிறைய மென்பொருள்கள் விற்பனைக்கு இருக்கின்றன. காசு கொடுப்பதற்கு முன் செய்து பார்க்க ட்ரையல் பதிப்பும் தருவார்கள். அந்த ட்ரையலில் பெரும்பாலும் ஒரு கட்டுப்பாடு இருக்கும்: ஃபோல்டருக்கு இத்தனை மெயில்தான் மாற்றித் தரும். வந்தவர் லைசென்ஸ் வாங்காமல் ட்ரையலிலேயே வேலையை முடித்திருக்கிறார். ஒவ்வொரு ஃபோல்டரிலும் மிகப் பழைய 50 மட்டும் வந்திருக்கிறது. சர்வரில் மிச்சமிருந்த 14 நாள் மெயில் இன்பாக்ஸில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டதால் முதல் பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மாற்றி முடிந்ததும் "ட்ரையல் பதிப்பு, இத்தனைதான் மாற்றப்பட்டன" என்று திரையில் ஒரு அறிவிப்பு வராமலா இருந்திருக்கும்? அவர் அதைப் படித்துவிட்டுத்தான் மூடியிருப்பார் என்று நம்புகிறேன். அதனால்தான் இதை வெறும் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பழைய கம்ப்யூட்டரை அடுத்த நாளே ஃபார்மட் செய்து, விண்டோஸை மறுபடி ஏற்றி, விற்றும் விட்டார்களாம். அதில் இருந்தது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத சேமிப்புச் சாதனம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், மேலே வேறெதுவும் எழுதப்படாத பகுதியிலிருந்து கொஞ்சம் மீட்க வழி உண்டு. எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை அந்தச் சாதனமே சுத்தம் செய்துவிடும், பிறகு மீட்பது ஏறக்குறைய முடியாது. இது நான் பின்னால் தெரிந்துகொண்டது. ஆனால் அவர்களோ "ரிகவரி" செய்து தருகிறோம், முதலில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு ஆகும் என்றார்கள். விற்றுவிட்ட கம்ப்யூட்டரிலிருந்து எதை ரிகவரி செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. ரசீதின் பின்பக்கம் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். பொடி எழுத்தில் "தரவு இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருந்தது. பணத்தை வாங்கும்போது யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டவில்லை.

மெயிலோடு போகவில்லை. தொடர்பு எண்களைப் பார்த்தபோது இன்னும் மோசம். அந்தத் தம்பி அவற்றை அவுட்லுக்கிலிருந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் பட்டியலாக எடுத்து, அதை எக்செலில் திறந்து, அப்படியே சேமித்துப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். நான் பலருடைய பெயரைத் தமிழில்தான் சேமித்து வைத்திருப்பேன். அந்தப் பெயர் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகளாக நின்றன. ஒருவருக்கு ஆறு கேள்விக்குறி, ஒருவருக்கு ஒன்பது. எழுத்தின் எண்ணிக்கையை வைத்து இது யாராக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எக்செலில் சிஎஸ்வி என்று சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் குறிமுறை) என்று குறிப்பிட்டிருக்கிற வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்து இப்படித்தான் அழியும். எண்களுக்கும் அதே கதி. நாட்டுக் குறியீட்டோடு 12 இலக்கம் உள்ள போன் எண்ணை எக்செல் ஒரு பெரிய தொகை என்று எடுத்துக்கொள்ளும். முன்னாலிருக்கும் கூட்டல் குறியை விழுங்கிவிட்டு, முதல் சில இலக்கம், பிறகு ஓர் ஆங்கில எழுத்து, பிறகு 11 என்று சுருக்கிவிடும். அதைச் சேமித்துவிட்டால் மிச்ச இலக்கங்கள் போனதுதான்.

இன்னொன்று, இது பலரும் யோசிக்காதது. நான் அடிக்கடி எழுதும் பலருடைய முகவரியைத் தொடர்புகளில் சேமித்ததே இல்லை. இரண்டு எழுத்து தட்டினால் அவுட்லுக்கே மிச்சத்தைக் காட்டும், அதை நம்பியே இருந்துவிட்டேன். அந்தப் பட்டியல் தனி. தொடர்புகளை எடுத்தால் அது கூட வராது.

காலண்டரால் பட்ட பாடு என் அப்பாவைத் தொட்டது. காலண்டரையும் அந்தத் தம்பி சிஎஸ்வியாகத்தான் எடுத்திருக்கிறார். சிஎஸ்வியில் நேர மண்டலம் என்ற தகவலே கிடையாது, வெறும் தேதியும் மணியும் மட்டும் இருக்கும். அதைப் போட்ட புதுக் காலண்டர் வேறொரு நாட்டு நேரத்தில் அமைந்திருந்தது. எல்லாச் சந்திப்பும் பல மணி நேரம் தள்ளிப்போய்விட்டன. காலை ஒன்பதரைக்கு இருந்த அப்பாவின் கண் பரிசோதனை பிற்பகலில் காட்டியது. புதிதாக வாங்கியது, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அவரைப் பிற்பகலில் அழைத்துப்போனேன். மருத்துவர் கிளம்பிப் போய்விட்டார். அடுத்த முறை கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அப்பா என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு அந்த ஐந்து வாரத்தை ஓட்டியது அவர்தான். வாரா வாரம் திரும்ப வரும் நிகழ்ச்சிகள் குறிப்பிட்ட ஒரு தேதியோடு நின்றுபோயிருந்தன. சிஎஸ்வியாக எடுக்கும்போது எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று அவுட்லுக் கேட்கும். அந்த எல்லைக்குள் வருவதைத் தனித்தனி நிகழ்ச்சியாகப் பிரித்துக் கொடுத்துவிடும், "வாரா வாரம்" என்ற விதி கூடப் போகாது. காலண்டருக்கென்றே உள்ள ஐசிஎஸ் கோப்பாக எடுத்திருந்தால் அந்த விதியும் நேர மண்டலமும் சேர்ந்தே வந்திருக்கும். நான் வைத்திருந்த அவுட்லுக்கில் காலண்டரைத் திறந்து சேமி என்று கொடுத்தாலே ஐசிஎஸ் கிடைத்திருக்கும். இதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம்.

கொஞ்சமாவது மீட்டது எப்படி என்றும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். அலமாரியில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் கிடந்தது. இரண்டரை வருடத்துக்கு முன் எடுத்த பிஎஸ்டி பேக்கப் ஒன்று அதில் இருந்தது. நண்பர் ஒருவர் வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் அவுட்லுக்கைத் திறந்து அந்தக் கோப்பைச் சேர்த்தோம். பக்கத்திலேயே என் கணக்கை ஐமேப் முறையில் சேர்த்தோம். பிறகு பிஎஸ்டியில் இருக்கும் ஃபோல்டர்களை ஐமேப் கணக்குக்குள் பிரதி எடுத்தோம். ஐமேப் என்றால் மெயில் சர்வரிலேயே இருக்கும், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பார்த்தாலும் அதே மெயில். ஆகவே அங்கே ஏறியது எல்லாம் என் மேக்கில் தானாக வந்து இறங்கியது. காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்கவில்லை. சர்வரில் உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் இழுக்காமல் ஒவ்வொரு ஃபோல்டராக எடுத்து, இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். நாங்கள் ஒரு நோட்டில் ஃபோல்டர் பெயர், அந்தப் பக்கம் எத்தனை, இந்தப் பக்கம் எத்தனை என்று எழுதிக்கொண்டே போனோம். அன்று எட்டு மணிக்கு அந்தத் தம்பியிடம் இந்த எண்ணிக்கையை மட்டும் கேட்டிருந்தால் போதும், முதல் ஃபோல்டரிலேயே பிடிபட்டிருப்பார்.

தொடர்பு எண்களை ஆறு மாதத்துக்கு முன்வரை வைத்திருந்த பழைய கைபேசியிலிருந்து எடுத்தேன். அதை இணையத்தில் சேரவிடாமல் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். இல்லாவிட்டால் புதுக் கணக்கோடு ஒத்திசைந்து அந்தக் கேள்விக்குறிகள் இதற்குள்ளும் வந்துவிடுமோ என்று பயம். தொடர்புகள் எல்லாவற்றையும் அதற்கென்றே உள்ள விசிஎஃப் என்ற வகைக் கோப்பாக எடுத்தேன். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமக் குறியும் எழுத்தும் எண்ணுமாகத் தெரியலாம். அது ஒரு குறிமுறைதான், பெயர் அழிந்துபோகவில்லை. முதலில் ஐந்து பேரை மட்டும் ஏற்றிப் பார்த்து, பெயர் சரியாக வந்த பிறகே மிச்சத்தை ஏற்றினேன்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்கான கைபேசி எண் என்ற இடத்தில் எனக்குத் தெரியாத எண் இருந்தது. கடைசி இலக்கங்கள் அந்தத் தம்பியின் எண்ணோடு ஒத்துப்போயின. அன்று சரிபார்ப்புக் குறியீடு சீக்கிரம் வரட்டும் என்று தன் எண்ணைப் போட்டிருப்பார், எடுக்க மறந்திருப்பார். கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு என் மெயிலுக்குள் அவர் நுழைந்துவிடக்கூடிய நிலையில் ஒரு மாதத்துக்கும் மேல் இருந்திருக்கிறேன். யார் உங்கள் கணக்கில் கை வைத்தாலும், அவர் வாசலைத் தாண்டிய உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீட்பு எண்ணையும் மீட்பு முகவரியையும் பாருங்கள். மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஃபார்வர்டிங் விதி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கு "ஐயா" என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்கும் பத்தி பத்தியாகத் திருத்தம் எழுதி அனுப்புவார். "இந்தச் சொல் வேண்டாம், படிக்கிறவனுக்குப் பல்லில் கல் மாட்டினாற்போல இருக்கும்" என்று எழுதுவார். போன வருடம் தவறிப்போனார். பழைய பேக்கப்பில் அவர் எழுதியது 400-க்கும் மேல் கிடைத்தது. படுக்கையில் இருந்தபடி கடைசி இரண்டு வருடத்தில் எழுதியது அதில் இல்லை. அவர் மகளிடம் கேட்டிருக்கிறேன். ஐயாவின் கணக்கில் சென்ட் ஃபோல்டரில் அவை இருக்க வேண்டும், ஆனால் பாஸ்வேர்டு அவருக்கும் தெரியவில்லை. அப்பா எழுதிவைத்த நோட்டுகளில் தேடிப்பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.