பட்டம் பெற்ற பின் கோர்செரா: மேற்படிப்புக்கா, தொழில்திறனுக்கா?

கல்லூரி முடிந்ததும் முதுகலையில் சேர்வதா, வேலைக்கு உதவும் திறனைக் கற்பதா என்று தயங்குவோருக்கு, ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் ஆண்ட்ரூ இங்கும் டாஃப்னி கோலரும் 2012-இல் தொடங்கிய கோர்செரா என்னும் இணையவழிக் கல்வித் தளத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். இரண்டு வழிகளும் அங்கே ஒருங்கே உள்ளன.

திறன் சார்ந்தவற்றில் கூகுளின் தரவுப் பகுப்பாய்வுச் சான்றிதழ் குறிப்பிடத்தக்கது. அதன் இறுதித் திட்டப்பணிக்கான தெரிவுகளில் ஒன்று, வாடகை மிதிவண்டி நிறுவனம் ஒன்றின் பயணப் பதிவுகளை ஆராய்வது. நிறுவனம் கற்பனையே எனினும், பதிவுகள் சிகாகோவில் உண்மையில் ஓடிய வண்டிகளுடையவை என்பதால், வண்டியை எடுத்த அல்லது விட்ட நிலையத்தின் பெயர் விடுபட்ட வரிகள் ஏராளமாகக் கண்ணில் படும். அவற்றை நீக்குவதா, வைத்துக்கொள்வதா என்று மாணவரே முடிவெடுத்துக் காரணமும் எழுத வேண்டும். பாடநூலின் ஒழுங்கான அட்டவணைகள் இந்தப் பழக்கத்தைத் தருவதில்லை. வேலையில் முதல் நாளிலிருந்தே தேவைப்படுவது இதுதான்.

மேற்படிப்பை நாடுவோருக்கு, கோர்செரா வழியாக நடக்கும் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் தரவு அறிவியல் முதுகலை ஏற்றது. பழைய மதிப்பெண் பட்டியலைக் கேட்காமல், தொடக்கப் பாடங்களில் உரிய தரத்துடன் தேறியவரைச் சேர்த்துக்கொள்வதால், ஆர்வம் நிலைக்குமா என்பதை முழுக் கட்டணத்தையும் செலவிடுவதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம். இதை நான் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

ஆயினும் ஆராய்ச்சி, மருத்துவம், சட்டம் ஆகியவற்றை விரும்புவோர் முறையான பட்டத்தையே நாட வேண்டும். மின்பணி, இயந்திரப் பழுதுநீக்கம் போன்றவற்றைக் காணொளி பார்த்து மட்டும் கற்க இயலாது. அனுபவமுள்ள ஒருவரின் கீழ் பணிப்பயிற்சி பெறுவதே சரி.