பழைய மோட்டார் சைக்கிள்: காப்பதா, புதுப்பிப்பதா, மாற்றிக் கட்டுவதா?

ஐம்பது அறுபது ஆண்டு வயதான மோட்டார் சைக்கிள் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அன்றைக்கே அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிட மனம் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய பெயின்ட்டையும் தேய்மானத்தையும் அப்படியே விட்டு, ஓடும் நிலைக்கு மட்டும் கொண்டுவரலாம். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படிப் புதுப்பிக்கலாம். அல்லது உங்கள் விருப்பப்படி மாற்றிக் கட்டலாம். மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இன்று செய்யும் வேலையை நாளை ஒருவர் மாற்ற நினைத்தால், அது முடியுமா?

அந்தக் கணக்கில் முதல் வழிக்கு ஈடே இல்லை. யாரும் கைவைக்காத பெட்ரோல் டேங்க் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரமாக ஓடும் மெல்லிய கோடு பல வண்டிகளில் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தது. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரும் புள்ளியில் கோடு சற்றே தடித்திருக்கும். முழங்கால் உரசிய பகுதியில் மேல்பூச்சு தேய்ந்து அடிப்பூச்சு எட்டிப்பார்க்கும். அந்த வண்டி எப்படிச் செய்யப்பட்டது, எப்படி ஓட்டப்பட்டது என்பதற்கு இவையே சாட்சி. உப்புத்தாளை எடுத்து அரை மணி நேரம் தேய்த்தால் எல்லாம் போய்விடும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்ப வராது.

அப்படியே விடுவது என்றால் சும்மா விடுவது அல்ல. பிரேக் லைனிங், கேபிள்கள், வெடித்துப்போன ஒயர்கள் ஆகியவற்றைத் தயங்காமல் மாற்ற வேண்டும். டயரில் பள்ளம் நன்றாக இருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. அந்த ரப்பர் இறுகிப் பல காலம் ஆகியிருக்கும். ஃபிரேமையே துரு அரித்திருந்தாலோ, முன்பே யாரோ அரைகுறையாகப் பெயின்ட் அடித்திருந்தாலோ இந்த வழியில் காப்பதற்கு அதிகம் மிஞ்சாது.

அப்போதுதான் முழுப் புதுப்பிப்புக்கு நியாயம் பிறக்கிறது. இதில் பெரிய ஆபத்து, வண்டியை அது ஒருநாளும் இல்லாத அளவுக்குப் பளபளப்பாக்கிவிடுவது. வார்ப்படச் சொரசொரப்போடு வெளிவந்த கிராங்க்கேஸை, அதாவது இன்ஜினின் அடிக்கூட்டை, கண்ணாடிபோல் தேய்த்துவிடுகிறார்கள். 1920-களின் இறுதிவரை மோட்டார் சைக்கிள்களில் இருந்தது நிக்கல் முலாம்; அதற்குச் சற்றே மஞ்சள் கலந்த இதமான ஒளி உண்டு. அந்தக் காலத்து வண்டிக்கு நீலம் பாய்ந்த கிரோம் முலாம் பூசினால், விஷயம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்கிலும் கவனம் தேவை. உறுதியானதுதான், ஆனால் தடித்துப் படிவதால் ஃபிரேமில் பொறித்த எண்ணின் பள்ளம் நிரம்பிவிடுகிறது. ஓரிடத்தில் பெயர்ந்தால் ஈரம் உள்ளே புகுந்து, மேலே எதுவும் தெரியாமலே துரு பரவுகிறது. ஃபிரேமுக்குச் சாதாரணப் பெயின்ட்டே என் தேர்வு.

பழைய பிரிட்டிஷ் வண்டியென்றால், அந்நாட்டின் பழைய அளவுமுறையான விட்வர்த் ஸ்பானர் செட் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. அந்த ஸ்பானரில் பொறித்த அளவு போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது, தலையின் அகலத்தை அல்ல. மில்லிமீட்டர் ஸ்பானரைத் திணித்தால் போல்ட் தலையின் முனைகள் மழுங்கிவிடும். உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் கழற்றுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். 1955 முதல் சென்னையில் தயாரானதால் புல்லட்டுக்குக் கவலை குறைவு. சில ஆண்டுகளே தயாராகி நின்றுபோன மாடல்களுக்கு ஒரு கியருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

மாற்றிக் கட்டுவதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1950-களில் 500 சிசி பார்முலா 3 கார் பந்தயத்தில் இருந்தவர்களுக்கு நார்ட்டன் நிறுவனத்தின் மேங்ஸ் என்ற பந்தய மோட்டார் சைக்கிளின் இன்ஜின் தேவைப்பட்டது. நார்ட்டன் அதைத் தனியாக விற்கவில்லை. வண்டியை முழுதாக வாங்கி இன்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய, ஃபெதர்பெட் எனப்பட்ட நார்ட்டன் ஃபிரேம்களில் டிரையம்ப் நிறுவனத்தின் இரட்டைச் சிலிண்டர் இன்ஜின் ஏறியது; இரண்டு பெயரும் கலந்த டிரைட்டன் பிறந்தது. சிறந்த ஃபிரேமும் சிறந்த இன்ஜினும் சேர்ந்த அந்தக் கலப்பு வண்டி இன்று தன்னளவிலேயே மதிக்கப்படுகிறது.

ஆனால் அங்கே அநாதையாகக் கிடந்த ஃபிரேம்தான் பயன்பட்டது என்பதைக் கவனியுங்கள். முழுமையாக இருக்கும் வண்டியை வாங்கி, சிறிய சீட் பொருத்துவதற்காக ஃபிரேமின் பின்பகுதியை அறுத்து எறிவது வேறு கதை. தாழ்வான ஹேண்டில்பார், பின்னே தள்ளிய ஃபுட்ரெஸ்ட், வேறு சைலன்சர் எல்லாம் போல்ட்டில் ஏறி போல்ட்டில் இறங்குபவை; தாராளமாகச் செய்யலாம். வெட்டவும் வெல்டிங் வைக்கவும் ஆசை என்றால், இன்ஜின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் பொருந்தாத, பாதிப் பாகங்கள் தொலைந்த வண்டியாகத் தேடி வாங்குங்கள்.

தீப்பொறிக்கான பழைய தொடுமுனையான பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பதும், 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக்குவதும் எந்த வழியில் போகிறவருக்கும் பொருந்தும். இரவில் ஓட்டுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். கழற்றிய பாகங்களை எண்ணெய் தடவி, பெயர் எழுதி ஒரு பெட்டியில் போட்டுவையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்தப் பெட்டியையும் சேர்த்தே கொடுங்கள்.