நியாவரான் போனால் அகமது ஷாஹி மாளிகைக்கும் டிக்கெட் வாங்குங்கள்

தெஹ்ரானின் வட கோடியில், அல்போர்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது நியாவரான் அரண்மனை வளாகம். எங்களைக் கூட்டிப்போன சுற்றுலா நிறுவனத்தின் வழிகாட்டி பெரிய அரண்மனையைக் காட்டினார். நடு மண்டபத்துக்கு மேலே திறந்து மூடும் அலுமினியக் கூரையைக் காட்டினார். ஈரானின் கடைசி ஷாவின் (மன்னரின்) மனைவி ராணி ஃபாராவின் உடைகள் முன்னால் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார். பக்கத்திலிருந்த செங்கல் கட்டடத்தைப் பற்றிக் கேட்டபோது, "அது சின்ன வீடு அம்மா, அங்கே ஒன்றுமில்லை" என்றார். முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவளிடம் இப்படிச் சொல்லலாமா? தம்பியைப் பேருந்தில் இடம்பிடிக்கச் சொல்லிவிட்டு நான் அங்கே போனேன்.

அகமது ஷாஹி என்பது அதன் பெயர். பஹ்லவிகளுக்கு முன் ஈரானை ஆண்ட கஜார் வம்சத்தின் கடைசி மன்னர் அகமது ஷாவின் கோடைக்கால இல்லம். கீழே நடுவில் நீர்த்தொட்டி வைத்த கூடம், சுற்றிலும் அறைகள். மேலே நான்கு பக்கமும் தூண் வரிசையோடு தாழ்வாரம். அளவு அவ்வளவுதான். பின்னாளில் இதைப் புதுப்பித்து, ஷா முகமது ரேசா பஹ்லவியின் மூத்த மகன், பட்டத்து இளவரசர் ரேசாவுக்குக் கொடுத்தார்கள்.

1960 அக்டோபர் 31இல் பிறந்தவர் ரேசா. 1967இல் தந்தை தன் தலையில் தானே கிரீடம் சூட்டிக்கொண்ட விழாவில் சீருடையோடு உட்கார்ந்திருந்தபோது ஏழு வயதுகூட நிரம்பவில்லை. கூடத்தில் கனிமக் கற்கள், புதைபடிவங்கள், பல நாடுகள் அனுப்பிய பரிசுகள் என்று அடுக்கியிருக்கிறார்கள். நிலவிலிருந்து வந்த கல்லும் இருக்கிறது, அமெரிக்க அதிபர் நிக்சன் கொடுத்தது. எந்தப் பையனும் கல்லும் கிளிஞ்சலும் பொறுக்கி வைப்பான். இவன் அலமாரிக்கு நிலவும் வந்து சேர்ந்திருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். தங்க முலாம் பூசிய நாற்காலிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

1978இல், பதினேழு வயதில், போர் விமானப் பயிற்சிக்காக ரேசா அமெரிக்காவில் டெக்சாஸின் லப்பக் நகருக்குப் போனார். மறு ஆண்டு ஜனவரி 16இல் தந்தை நாட்டை விட்டு வெளியேறினார். பிப்ரவரியில் இஸ்லாமியப் புரட்சி வென்றது. வீட்டைக் காலி செய்ய அந்தப் பையனுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை என்பது இந்த அறைகளில் நிற்கும்போதுதான் உறைத்தது. எகிப்து, மொராக்கோ, பஹாமாஸ், மெக்சிகோ, அமெரிக்கா, பனாமா என்று அலைந்த ஷா, 1980 ஜூலையில் கெய்ரோவில் இறந்தார். அதே ஆண்டு இருபதாவது பிறந்தநாளில், அதே கெய்ரோவில், மகன் தன்னை அடுத்த ஷா என்று அறிவித்துக்கொண்டார். ஆள நாடு இல்லை. சில வாரங்களுக்கு முன்னால் ஈராக் படையெடுத்தபோது, போர் விமானியாகத் திரும்பி வருகிறேன் என்று எழுதிக் கேட்டார். புதிய அரசு ஏற்கவில்லை. பின்னாளில் அவர் வாழ்க்கை அமெரிக்காவில்தான். அவர் அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு, எனக்கும் உண்டு, அதை இங்கே இழுக்கப்போவதில்லை. தந்தையின் ரகசியப் போலீஸான சாவக் சிறைகளில் அடைபட்டிருந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த அறைகள் வேறு மாதிரித் தெரியும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் இந்த வீட்டை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் ரேசா மட்டும் அல்ல. வீட்டுக்குப் பெயர் தந்த அகமது ஷாவும் பதவி பறிக்கப்பட்ட மன்னரின் மகன்தான். 1909இல் அரசியலமைப்புப் புரட்சிக்காரர்கள் அவருடைய தந்தை முகமது அலி ஷாவைத் துரத்திவிட்டு, பதினொரு வயதுப் பையனைச் சிம்மாசனத்தில் ஏற்றினார்கள். தாயையும் தந்தையையும் பிரிய மாட்டேன் என்று பையன் அழுதான். 1925இல் அவர் ஐரோப்பாவில் இருக்கும்போதே நாடாளுமன்றம் அவரையும் நீக்கியது. ஐந்தே ஆண்டுகளில் பாரிஸ் அருகே, 32 வயதில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த ரேசா ஷாவை 1941இல் பிரிட்டனும் சோவியத்தும் இறக்கி, முதலில் மொரீஷியஸுக்கு அனுப்பின, ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார். அவருடைய மகன்தான் 1979இல் வெளியேறிய ஷா. ஆக, எழுபது ஆண்டுகளில் மூன்று தந்தைகள், மூன்று மகன்கள். முதல் இருவருக்கும் தந்தை போனதால் நாற்காலி கிடைத்தது. மூன்றாமவருக்கு நாற்காலியும் சேர்ந்தே போனது. என் வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் ஒரு பாடவேளை போதாது. இங்கே அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

பெரிய அரண்மனை மாடியில் ரேசாவின் தங்கை லெய்லா, தம்பி அலி ரேசா ஆகியோரின் அறைகளையும் தவறவிடாதீர்கள். புரட்சியின்போது லெய்லாவுக்கு எட்டு வயது. 2001இல் லண்டனில் இறந்தாள். 2011இல் பாஸ்டனில் அலி ரேசா தற்கொலை செய்துகொண்டார். இது தெரிந்து அந்த அறைகளுக்குப் போவதும் தெரியாமல் போவதும் ஒன்றல்ல.

வளாகத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கரை. மரநிழலும் மலைக்காற்றும் நன்றாக இருக்கின்றன. எங்கள் பயண ஏற்பாட்டுக்கு இரண்டுதான்; இவ்வளவு பெரிய இடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் யாருக்கும் உதவாது. மெட்ரோ முதல் பாதையில் தஜ்ரீஷ் வரை வந்து டாக்சி பிடித்தால் நீங்களே போய்விடலாம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி டிக்கெட், எல்லாவற்றையும் நுழைவாயிலிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வங்கி அட்டைகள் ஈரானில் செல்லாது, ரொக்கம் கொண்டுபோங்கள். சொல்லும் விலை ரியாலா தோமானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தோமான் 10 ரியால்.