ஷோத்கங்கா: கல்லூரிக்கு வெளியே இருப்பவருக்கும் திறந்திருக்கும் ஆய்வேட்டுக் களஞ்சியம்

பெங்களூரின் தொம்லூர் பகுதியில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றி முறையாகப் படிக்க விரும்பியபோது, வங்கிப் பணியில் ஓய்வுபெற்று அல்சூரில் வசிக்கும் எனக்கு ஆய்வு நூலகம் எதிலும் உறுப்பினர் அட்டை இல்லை. 1905இல் கல்வெட்டறிஞர் லூயிஸ் ரைஸ் பதிப்பித்த பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதி இணையத்தில் கிடைத்துவிட்டது; ஆனால் அதற்குப் பின் ஒரு நூற்றாண்டில் யார் எதை ஆராய்ந்தார்கள் என்பதை அறிய உதவியது ஷோத்கங்காதான்.

ஆய்வேடுகளின் மின்படியைத் தர வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறையை ஒட்டி, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இந்தக் களஞ்சியத்தில் இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் உள்ளன. கட்டணம் கிடையாது. பெரும்பாலான ஆய்வேடுகளை இயல் இயலாகப் பிரித்து வைத்திருப்பதால், வேண்டிய இயலை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். முன்பெல்லாம் ஒருவர் ஐந்தாறு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து எழுதிய ஆய்வேடு, நெறியாளரும் தேர்வாளர்களும் படித்ததோடு நூலக அலமாரிக்குள் அடங்கிவிடும். அந்த உழைப்பின் செலவில் பெரும்பங்கு மக்கள் பணம் என்பதால், அதைப் படிக்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

நான் படித்த ஓர் ஆய்வேட்டின் நன்றியுரையில், உதவித்தொகை வராத மாதங்களில் தையல் வேலை செய்து பயணச் செலவுக்குக் கொடுத்த தம் அக்காவுக்கு அந்த மாணவி நன்றி சொல்லியிருந்தார். அந்த இரண்டு வரிகளைப் படித்த பிறகு, அவர் தொகுத்த கல்வெட்டு அட்டவணையை மேலோட்டமாகப் புரட்ட என் கை வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரு பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாம்) அனுப்பியிருந்த தமிழ் ஆய்வேட்டில் பக்கங்கள் குறுக்காகக் கிடந்தன. வெறும் படமாக வருடியிருந்ததால் (ஸ்கேன்) எந்தச் சொல்லையும் தேட முடியவில்லை. எனக்கு வேண்டிய பின்னிணைப்போ சேர்க்கப்படவே இல்லை. தமிழ் ஆய்வேடுகளை ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சிட்டு அனுப்பச் செய்தால் இந்தத் தொல்லையில் பாதி தீரும். தேடுவோர் தலைப்பைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் மாற்றி மாற்றி இட்டுப் பார்ப்பது நல்லது.

மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தையும் இங்கே ஒப்பிட வேண்டியுள்ளது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற அத்திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. பணமில்லாத கல்லூரிகளின் மாணவர்களுக்கு இது பெரும் உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரோ ஊர் வரலாறு தேடும் இளைஞரோ அந்த வாசலுக்குள் நுழைய வழியில்லை. ஷோத்கங்காவில் அவர்களை யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

சென்ற மாதம், இறக்கிய இயலை அச்செடுத்துக்கொண்டு மாலை வெயில் கல்லின்மேல் சாய்வாக விழும் நேரத்தில் கோயிலுக்குப் போனேன். தொம்லூரின் பழைய பெயரான 'தோம்பலூர்' என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தபோது, அருகில் நின்ற பூக்கார அம்மா, "இதுல நம்ம ஊர் பேரா இருக்கு? எங்க, காட்டுங்க சார்" என்று கேட்டுத் தாமும் விரல் வைத்துப் பார்த்தார்.