வெள்ளி ரூபாய் தேடுகிறவர்களுக்கு: அழகர்மலைக் காடா, பட்டா நிலமா, தெற்கு ஆவணி மூல வீதியா?

வெளிநாட்டுக் காணொளிகளில் ஒருவர் காட்டுக்குள் மெட்டல் டிடெக்டரை வீசியபடி நடக்கிறார். கருவி கூவுகிறது, ஒரு சாண் தோண்டியதும் வெள்ளிக்காசு தலைகாட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு, அழகர்மலையிலும் நாகமலையிலும் இப்படிக் கிடைக்காதா என்று மதுரை இளைஞர்கள் கேட்கிறார்கள். பழைய வெள்ளி நாணயத்தின் மீது எனக்கும் தீராத ஆசை உண்டு. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: மதுரை வட்டாரத்தில் காட்டைப்போல மோசமான வழி வேறில்லை.

முதல் காரணம் வரலாறு. நம் மண்ணில் வெள்ளி குறைவு. பாண்டியர் காசும் மதுரை நாயக்கர் காசும் பெரும்பாலும் செம்பு. அதற்கு மேலே புழங்கியவை பணம், வராகன் என்ற பொற்காசுகள். சென்னை மாகாணம் வெள்ளி ரூபாயைத் தன் நாணயமாக ஏற்றதே 1818-ல்தான். அதற்கு முந்தைய வெள்ளி வேண்டுமென்றால் பெரும்பாலும் சங்க காலத்து முத்திரைக் காசுகளுக்கு, அதாவது சின்னங்களைக் குத்தி அடித்த சிறு வெள்ளித் துண்டுகளுக்கு, போக வேண்டும். போடிநாயக்கனூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. கீழடியில் 2021-ல் ஒன்று வெளிவந்தது. கீழடிக் காசு குழி வெட்டி, மண்ணை அடுக்கடுக்காக நீக்கி, எந்த அடுக்கில் எதனோடு கிடந்தது என்று குறித்து எடுக்கப்பட்டது. அதே காசை ஒருவர் மண்வெட்டியால் நெம்பிச் சட்டைப்பையில் போட்டிருந்தால், அது இரண்டு கிராமை ஒட்டிய வெள்ளித் துண்டு, அவ்வளவே. அதன் காலமும், எதனோடு கிடந்தது என்ற சேதியும் மண்ணோடு போயிருக்கும். இதை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது.

இரண்டாவது சட்டம். அழகர்மலை, சிறுமலை, நாகமலைப் பக்கம் காடு என்று நாம் சொல்லும் இடங்களில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைவதும் மண்ணைத் தோண்டுவதும் வனச் சட்டப்படி குற்றம். மாங்குளம், கீழக்குயில்குடி சமணர்மலை போன்ற குன்றுகள் தொல்லியல் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே டிடெக்டரோடு நிற்பதே வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

அப்படியானால் கருவியே வீணா என்றால், இல்லை. பட்டா நிலத்தில் அதற்கு வேலை இருக்கிறது. இடிந்த பூர்வீக வீட்டின் அடுப்படி, களத்துமேடு, கிணற்றடி, வண்டிப்பாதை ஓரத்துப் புளியமரம், இங்கேதான் மனிதர்கள் காசை ஒளித்தார்கள், தவறவிட்டார்கள். நிலத்துக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சுச் சம்மதம் கலயம் தட்டுப்படும் நாள்வரைதான் நிற்கும்.

கருவியில் இரண்டு வகை முக்கியம். விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) வகை ஓயாமல் மின்காந்த அலையை அனுப்பி, உலோகம் திருப்பித் தரும் அலை எவ்வளவு பின்தங்குகிறது என்று பார்த்து இரும்பையும் வெள்ளியையும் பிரிக்கும். வெள்ளி மிகச் சிறந்த மின்கடத்தி என்பதால் முழு ரூபாய்க்குத் திரையில் உயர்ந்த எண் வரும். பல்ஸ் வகை துடிப்பு துடிப்பாக அனுப்புகிறது. இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணில் விஎல்எஃப் தடுமாறும் இடத்தில் இது ஆழமாகப் போகும். ஆனால் எது இரும்பு, எது வெள்ளி என்று பிரிப்பதில் பலவீனம். மாடு பூட்டி உழுத நம் நிலங்களில் லாடத் துண்டு, லாட ஆணி, வண்டிப்பட்டைத் துணுக்கு இல்லாத இடம் ஏது? பல்ஸ் கருவி அத்தனைக்கும் தோண்ட வைக்கும். ஆகவே விஎல்எஃப் வாங்குங்கள், மண்ணுக்கேற்பச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நல்ல கருவிகூட ஒற்றைக் காசை ஏறக்குறைய ஒரு சாண் ஆழம்வரைதான் நம்பகமாகக் காட்டும். நூறு மீட்டர் தூரத்துப் புதையலைக் காட்டும் என்று இரண்டு கம்பியும் ஒரு பெட்டியும் விற்பவர்கள் மோசடிக்காரர்கள்.

கிடைத்தால் என்ன செய்வது? 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுத வேண்டும். மறைத்தால் ஓராண்டுவரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். உரியவர் இல்லை என்று முடிவாகி, வேறு உடன்பாடும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரும். நேர்மையாக நடப்பவருக்கு இது பாதகமான சட்டமே அல்ல. பயந்து உருக்கிவிடுகிறவர்கள்தான் காசையும் இழந்து குற்றத்தையும் சுமக்கிறார்கள்.

வைகை மணலைச் சலிக்கலாமே என்பார்கள். ஆற்றில் கிடைத்ததாகப் பதிவான பழங்காசுகளில் பெரும்பாலானவை செம்பு, குறிப்பாகச் சிறிய ரோமானியச் செம்புக்காசுகள். கயிற்றில் காந்தம் கட்டித் துழாவினால் இன்றைய எஃகு நாணயங்கள் ஒட்டும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது.

இனி என் மனத்துக்கு நெருக்கமான வழி: மதுரையின் நகைக்கடைத் தெருவான தெற்கு ஆவணி மூல வீதியும் அதைச் சுற்றியுள்ள சந்துப் பட்டறைகளும். பாட்டி பெட்டியில் இருந்த ரூபாயை அவசரச் செலவுக்கு விற்க வருகிறார்கள். தராசில் ஏறுகிறது, உரைகல்லில் ஒரு கோடு, டச், அதாவது வெள்ளியின் தரம், சொல்கிறார்கள், அடுத்தது உருக்கும் மூசை. காட்டில் ஒளிந்திருப்பதைவிடப் பல மடங்கு வெள்ளி ரூபாய் இப்படி உருகிப் போகிறது என்றே நினைக்கிறேன். "அண்ணாச்சி, ராணி தலை, ராஜா தலை வந்தால் உருக்காமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வெள்ளி விலைக்கு மேலே தருகிறேன்" என்று நான்கு ஆசாரிகளிடம் சொல்லி வையுங்கள். ஒரு காசைக் காப்பாற்றிய நிறைவும் சேர்ந்து கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை, ரசீது கேட்டு வாங்குங்கள்.

கையில் வந்ததும் எடை போடுங்கள். 1835 முதல் 1939 வரையிலான முழு ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை எடை அதே, வெள்ளியோ பாதிதான். விளிம்பின் நடுவே ஓடும் பள்ளக் கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். 1947 ரூபாய் வெறும் நிக்கல். வார்ப்புப் போலி என்றால் லென்ஸில் பார்க்கும்போது ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடும், விளிம்பைச் சுற்றிய பல்வரிகள் மழுங்கியிருக்கும். 1939 என்று பொறித்த ரூபாயை யாராவது மலிவாக நீட்டினால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். அரிதான ஆண்டு என்பதால் போலிகள் மலிந்துவிட்டன. 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயையும் தேடிப் பாருங்கள். மன்னர் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, அந்த அச்சையே மாற்றினார்கள். 1862 என்ற ஆண்டையே பொறித்துப் பல வருடங்கள் அடித்த விக்டோரியா ரூபாய்களை, அவற்றில் பொறித்த சிறு புள்ளிகளை எண்ணி வகை பிரிப்பது தனி ருசி. கம்பெனி முத்திரையும் அனுமார் உருவமும் சேர்ந்த செம்புக்காசைக் காட்டி, அரிசியை இழுக்கும், கோடி பெறும் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை.

நம் பக்கத்து ரூபாய்களில் வளையம் பற்றவைத்தவை நிறைய வரும், காசுமாலையில் கோத்தவை. வளையத்தை அறுத்து, தழும்பைத் தேய்த்து மறைத்து விற்பார்கள். பன்னிரண்டு மணி இடத்து விளிம்பில் பல்வரி கொஞ்ச தூரம் அழிந்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். வளையத்தோடு இருப்பது சேகரிப்பு மதிப்பில் குறைவுதான், ஆனாலும் ஒருத்தி கழுத்தில் கிடந்த காசு என்று நான் அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். கறுத்திருக்கிறதே என்று புளியோ சாம்பலோ பற்பசையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தக் கறுப்புப் படலம்தான் அடியிலுள்ள வேலைப்பாட்டைக் காக்கிறது. தேய்த்த காசு பளபளக்கும், ராணியின் கூந்தல் இழை போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தால் போதும்.